சாக்குக்குள் கிடந்த எஞ்சின்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகிகள் கேட்கக் கூடும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பேராதனையில் சமூகவியல் படித்துவிட்டு, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் பெண்கள் குழுக்களோடு பத்து வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். குடும்பப் பிணக்கு, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி, மதுப் பிரச்சினை என்று வருவார்களே தவிர, எஞ்சின் விஷயமாக யாரும் வந்ததில்லை. 2023இல் ஒருவர் வந்தார். கணவனை இழந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "மிஸ், பின்னாடி கொட்டில்ல ஒரு பழைய இரும்பு கெடக்கு. அத மட்டும் தாங்கன்னு ஒருத்தர் மூணு தரம் வந்துட்டாரு. வெறும் இரும்புக்கு எதுக்கு மிஸ் மூணு தரம் வாராங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடியபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் மலையகத்தில் இன்னும் எத்தனை கொட்டில்களில் இப்படி எதுவெல்லாம் சாக்குப் போர்த்திக் கிடக்கிறதோ!

இந்தக் கார்கள் இங்கே வந்த கதை நமக்குப் புதிதல்ல. துரைமார் காலத்தில் எம்.ஜி., ரயம்ப், ஒஸ்டின்-ஹீலி, ரைலி என்று இங்கிலாந்தில் செய்த சின்னக் கார்கள் மலைநாட்டுக்கு வந்தன. வளைந்து ஏறும் ரோட்டுக்கு அவை பொருத்தம். நுவரெலியாவில் மாகாஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் ஆரம்பித்தது. நானுஓயாவுக்குக் கிட்ட ரதல்லயிலும் அப்படியொரு போட்டி நடக்கும். ஏப்ரல் மாதத்தில் கொழுந்து மூட்டையோடு ரோட்டோரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்ட பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள்.

பிறகு 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரத் துரைமாரில் மிஞ்சியிருந்தவர்களும் ஊருக்குப் போனார்கள். கப்பலில் ஏற்ற முடியாததையும் விற்க நேரமில்லாததையும் இங்கேயே விட்டார்கள். சிலர் நாயை விட்டார்கள், சிலர் காரை விட்டார்கள். இந்த அம்மாவின் கணவர் தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். துரை போகும்போது நன்றிக்கு ஒரு கார் கொடுத்துவிட்டுப் போனார். புத்தகமும் முறையாக இவர் பெயருக்கு மாறியது.

அந்தக் கார் ஒஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட். 1958இல் வெளிவந்தது. முன்விளக்கு இரண்டும் பொனட்டின் மேல் முழித்துக்கொண்டு நிற்பதால் இங்கிலாந்தில் அதற்குத் தவளைக் கண் என்று பட்டப்பெயர். லயத்துப் பிள்ளைகள் அந்தக் கதை தெரியாமலே தவளைக் கார் என்றுதான் சொன்னார்களாம். வெளியே கதவுக் கைபிடி கிடையாது. பின்னால் டிக்கி மூடியும் கிடையாது, சாமான் வைக்க ஆசனத்துக்குப் பின்னால் கையைவிட்டுத் தள்ள வேண்டும். விலையைக் குறைக்கத்தான் இத்தனை சிக்கனம். 1961 வரை ஏறக்குறைய 49,000 கார்கள் செய்தார்கள்.

சிக்கனம் எஞ்சினிலும் உண்டு. ஸ்ப்ரைட்டுக்கென்று தனியாக ஒரு எஞ்சின் செய்யவில்லை. 1951இல் ஒஸ்டின் ஏ30 என்ற சிறிய குடும்பக் காருக்குச் செய்த ஏ-சீரிஸ் எஞ்சினைத்தான் எடுத்தார்கள். அது அப்போது 803 சி.சி. பிறகு 948 சி.சி.யாக வளர்ந்து, 1956இல் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த மொறிஸ் மைனருக்குள் போனது. அதே 948தான் ஸ்ப்ரைட்டிலும். டாக்டர் ஐயாவின் மொறிஸ் மைனரும் துரையின் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் பிழையில்லை.

ஆனால் அக்கா தங்கைக்குள்ளும் வித்தியாசம் உண்டல்லவா? மொறிஸில் ஒரு கார்புரேட்டர், ஸ்ப்ரைட்டில் இரண்டு. மொறிஸ் எஞ்சின் 37 குதிரைவலு, ஸ்ப்ரைட் 43. வால்வு ஸ்பிரிங் பலமானது, பெயரிங் கடினமான உலோகம். வேகமாகச் சுற்றுவதற்கு வேண்டிய மாற்றங்கள் இவை. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ரெவ் கவுண்டருக்கு டைனமோவின் பின்பக்கத்திலிருந்தே கேபிள் போகும். மொறிஸ் டைனமோவில் அந்த வாய் இருக்காது. பாகம் பார்த்துப் பழகியவர்கள் இதைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்களாம்.

இப்போது கொட்டிலில் கிடந்த இரும்புக்கு வருவோம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். துணிக்கே வரிசை, மாவுக்கே வரிசை. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெயரிங் எங்கே கிடைக்கும்? எஞ்சின் தட்ட ஆரம்பித்ததும் பிட்டர் ஐயா அதை இறக்கினார். எங்கும் கிடைக்கக் கூடிய மொறிஸ் மைனர் எஞ்சின் ஒன்றைத் தேடி வாங்கி ஏற்றினார். ஸ்ப்ரைட்டின் இரண்டு கார்புரேட்டரையும் டைனமோவையும் கழற்றி அதற்கே பூட்டிவிட்டார். மேலே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இறக்கிய எஞ்சினுக்கு கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, பெயரிங் வரும்போது பார்க்கலாம் என்று கொட்டிலில் வைத்தார். பெயரிங் வரவேயில்லை. அவரும் போய்விட்டார்.

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கே வயதான பாஸ் ஒருவர் பழைய ஆங்கிலக் கார்கள் மட்டும்தான் பார்ப்பார். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, முதலில் புத்தகத்தைக் கேட்டார். நம்மூர் வாகனப் பதிவுப் புத்தகத்தில் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் எழுதியிருக்கும். அம்மா அதைப் பழைய சேலைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தார். எஞ்சின் நம்பர் 9சீ என்று தொடங்கியது.

"ஸ்ப்ரைட்டுக்கு 9சீ. மொறிஸுக்கு 9எம். கார்ல இப்ப இருக்கிறது எதுன்னு போய்ப் பாருங்க மிஸ். டைனமோவுக்கு மேல சின்னத் தகடு ஒண்ணு ரிவிட் அடிச்சிருக்கும்" என்றார்.

மறுநாள் டோர்ச் அடித்துப் பார்த்தோம். காரில் இருந்தது 9எம். சாக்கை விலக்கி, கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். அங்கே 9சீ. கடைசி இலக்கம் வரை புத்தகத்தில் உள்ளதேதான். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூடியவர். ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்து அவரே ஒப்பிட்டார்.

மூன்று தரம் ஆள் வந்ததன் காரணம் அப்போது விளங்கியது. கார், புத்தகம், பிறந்தபோதே கூட வந்த எஞ்சின் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் அதற்கு ஒரு விலை. எஞ்சின் வேறாக இருந்தால் விலை மிகவும் இறங்கிவிடும். முதலில் எஞ்சினைக் கிலோ கணக்கில் பழைய இரும்பாக வாங்கிக்கொள்வது, பிறகு ஆறு மாதம் கழித்து வேறொருவரை அனுப்பி, "இது ஒரிஜினல் எஞ்சின் இல்லையே அம்மா" என்று காரை அடிமாட்டு விலைக்குக் கேட்பது. இதுதான் கணக்கு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் நாட்டில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் விலை ஏறியது. 2025இல் தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி வந்தது. இடைப்பட்ட அந்த வருடங்களில் தரகர்கள் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார்கள். பித்தளைக் குடம், பழைய கடிகாரம், தேக்கு அலமாரி எல்லாம் இப்படித்தான் லயங்களைவிட்டுப் போயின. நம் வீட்டில் இருக்கும்வரை அது பழைய சாமான், கொழும்புக்குப் போனதும் அரும்பொருள்.

ஒரிஜினல் என்றால் என்ன என்பதில் கார் பிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒரு திருகாணிகூட மாறக் கூடாது என்பார்கள் சிலர். ஓடினால் போதும் என்பார்கள் சிலர். பாஸிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "வெள்ளைக்காரன் நேரா ஒண்ணும் செய்யல்ல மிஸ்" என்று எம்.ஜி. டீ.சீ. காரின் கதையைச் சொன்னார். 1945 முதல் 1949 வரை வந்த அந்தக் காரில் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ற 1250 சி.சி. எஞ்சின். அதன் போல்ட்டுகளின் புரி மில்லிமீட்டர் அளவு, தலையோ ஆங்கில விட்வர்த் சாவிக்குரியது. அந்த எஞ்சினைச் செய்த கொவன்ட்ரித் தொழிற்சாலை முன்பு ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பனியுடையது. அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் புரி வெட்டின. இங்கிலாந்து மெக்கானிக்கிடம் இருந்ததோ விட்வர்த் சாவி. ஆகவே உடம்பு ஓர் ஊர், தலை ஓர் ஊர். இது தெரியாமல் கடையில் கிடைத்த போல்ட்டை முறுக்கி, ஈடு செய்ய முடியாத புளொக்குகளை நாசமாக்கியவர்கள் உண்டு. ரயம்ப் டீ.ஆர்.2 காரின் எஞ்சினுக்கு பெர்கஸன் டிராக்டர் சொந்தக்காரன் என்பதும் அன்றுதான் தெரிந்தது. சிலிண்டருக்குள் இருக்கும் குழாயைக் கழற்றி மாற்றக் கூடிய அதே அமைப்பு இரண்டிலும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் இதை அவ்வளவு பெருமையாகச் சொல்வதில்லையாம்!

பாஸின் தீர்ப்பு எனக்குப் பிடித்திருந்தது. புளொக், ஹெட், கார்புரேட்டர், நம்பர்த் தகடு ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. தேய்கிற பாகத்தை மாற்றுவது பாவமில்லை. எஞ்சின் வர்ணமும் முக்கியம். ஸ்ப்ரைட் என்றால் பச்சை, அதே காலத்து எம்.ஜி.ஏ. என்றால் கருஞ்சிவப்பு. ஆனால் ஒரு மாற்றத்தை அவர் வற்புறுத்திச் செய்கிறார். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. நம் பிள்ளைகளின் மூச்சுக்கும் மூளைக்கும் அது பெரிய நன்மை. ஆனால் இந்தப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஈயமில்லாத பெற்றோலில் ஏற்றத்தில் கடுமையாக ஓட்டினால் அந்த இடம் மெல்ல மெல்லக் குழிந்துபோகும். ஆகவே எக்ஸோஸ்ட் வால்வுகளுக்குக் கடின உலோக வளையம் இறக்க வேண்டும். வெளியே தெரியாது. ஒரிஜினல் பைத்தியங்களும் இதை மன்னித்துவிடுவார்கள்.

கராஜில் பாஸுக்குக் கைகொடுப்பவர் அவருடைய மகள். ஓ.எல். முடித்துவிட்டு அப்பாவோடு நிற்கிறார். இறுகிப்போன எஞ்சினை இழுத்துச் சுற்றக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றிவைத்தார். தினமும் காலையில் வந்து கையால் மட்டும் மெதுவாக அசைத்துப் பார்த்தார். பதினொராம் நாள் அசைந்தது. கழற்றும்போது ஒவ்வொரு வால்வையும் அட்டையில் துளையிட்டு வரிசை மாறாமல் குத்திவைத்தார். பெயரிங் மூடிகள் இடம் மாறினால் கிராங்க் சுற்றாது என்பதால் ஒவ்வொன்றிலும் புள்ளி குத்தினார். கிராங்க் தேய்ந்துதான் இருந்தது. லேத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு சீவினால் போதும் என்றார்கள். அதற்கேற்ற பெயரிங்கை இப்போது வெளிநாட்டிலிருந்து தபாலிலேயே எடுக்கலாம். பிட்டர் ஐயா காத்திருந்த பொருள் சின்னப் பெட்டியில் வந்து சேர்ந்தது.

மொறிஸ் மைனர் இங்கே அத்தனை ஓடியதால் பாக அறிவும் இங்கேயே தங்கிவிட்டது. இங்கிலாந்தில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையரான தனபால சமரசேகரவுடன் சேர்ந்து இங்கே தகட்டு பாகங்கள் அடிக்கவைத்து இங்கிலாந்துக்கே அனுப்பினார். அங்கே துருப்பிடித்த கார்களுக்கு நம் நாட்டில் ஒட்டுப்போட்டோம்.

இரண்டு கார்புரேட்டரையும் சமப்படுத்துவது தனி வேலை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, இரண்டின் இரைச்சலும் ஒன்றாகும்வரை திருகுவார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்பாவைவிடக் காது நல்லது. அப்பாவே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் "பொம்பளப் பிள்ளைய இப்படி கிரீஸ்ல விடலாமா?" என்று கேட்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். அவருக்கு நான் ஒரு கதை சொன்னேன்.

இந்தக் கார்களில் இருக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரைச் செய்த கம்பனியின் கார்புரேட்டர்தான், இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தின் ஸ்பிட்பயர், ஹரிகேன் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினிலும் இருந்தது. விமானம் திடீரென்று மூக்கைத் தாழ்த்தினால் எரிபொருள் தடுமாறி எஞ்சின் நின்றுவிடும். எதிரியின் விமானத்துக்கு அந்தக் குறை இல்லை. எத்தனையோ விமானிகளின் உயிர்ப் பிரச்சினை அது. பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர், நடுவில் அளவாகத் துளையிட்ட ஒரு சின்ன உலோக அடைப்பைச் செய்தார். விமானத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகாமலே பூட்டலாம். 1941இல் விமானத்தளம் தளமாகப் போய் அதைப் பூட்டவைத்தார். 1909இல் பிறந்த அவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். போருக்குப் பிறகு கணவரோடு சேர்ந்து கார்ப் பந்தயத்தில் ஓடினார். அவர்கள் ஓட்டிய கார்களில் ஒன்று ஒஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்! அந்தப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை போனபோது தொழிற்பயிற்சி அதிகாரசபையின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். மோட்டார் பொறிமுறைப் பாடநெறி. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

நம்பர் பிளேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரிஜினல் மதிப்பு உண்டு. முன்பெல்லாம் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து இரண்டை எடுத்து இலக்கத்தோடு சேர்த்தார்கள். 1950களின் பிற்பகுதியில் அதற்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. இந்தக் கார் அந்த வரிசை. வாங்க வந்த ஒரு கனவான், "பிளேட்டும் அப்படியே இருக்கிறதே, அருமை!" என்று தடவிப் பார்த்தார். அம்மா பேசாமல் நின்றார். அவர் போன பிறகுதான் சொன்னார். 1958இல் அந்த ஸ்ரீ எதிர்ப்பின்போது பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டு இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது அவர் சின்னப் பிள்ளை. வீட்டுக் கதவைச் சாத்தி அம்மா மடியில் இருத்திக்கொண்டது ஞாபகம் இருக்கிறதாம். ஒரே தகட்டை இரண்டு பேர் பார்க்கிறார்கள். பிளேட்டைக் கழற்றிவிடலாமா என்று நான் கேட்டேன். "வேணாம் மிஸ். அதுவும் நடந்ததுதானே" என்றார்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தரகர் அதில்தான் பயமுறுத்தினார். "எஞ்சின் மாத்தினத பதியல்ல, கேஸ் வரும்" என்றாராம். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் புத்தகத்தில் உள்ள எஞ்சினையே திரும்ப ஏற்றிவிட்டால் புத்தகமும் காரும் ஒத்துப்போய்விடும். இன்னொன்று, கணவர் உயில் எழுதாமல் இறந்தால் நமது பொதுச் சட்டப்படி சொத்தில் பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. மகன் மட்டும் கையொப்பமிட்டு விற்க முடியாது. வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போய்க் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் கெய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், கார் தொழிற்சாலையைவிட்டு வந்த நாளில் அதில் எந்த நம்பர் எஞ்சின் இருந்தது என்று பதிவேட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குச் சான்றிதழும் தருகிறது. அதையும் எடுத்தோம். அம்மாவின் மகள் கைத்தொலைபேசியிலேயே விண்ணப்பித்தார்.

அம்மா விற்கத்தான் போகிறார். பேத்தி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள், வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது. கார் ஒரு மூலையில் நின்று துருவேறுவதில் அவருக்கு உணர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் மூன்று நிபந்தனை வைத்திருக்கிறார். காரும் எஞ்சினும் புத்தகமும் பிரியாமல் ஒருவருக்கே போக வேண்டும். கராஜ் கூலி முதலில் கழிய வேண்டும், பாஸ் இதுவரை ஒரு சதமும் வாங்கவில்லை. மூன்றாவது, மொறிஸ் எஞ்சினை அவர் தரமாட்டார். அது அவர் கணவர் தன் கையால் தேடி வாங்கி ஏற்றி, நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டியது. வாங்க வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்கவுமில்லை.

இந்த மாதம் 9சீ எஞ்சின் கராஜ் தரையில் ஸ்டாண்டில் வைத்து முதல் தடவையாக ஸ்டார்ட் ஆனது. பச்சை வர்ணம் இன்னும் பூசவில்லை. வால்வுச் சத்தம் கொஞ்சம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை மறுபடி மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ரெவ் கவுண்டர் கேபிள் கொழும்பிலிருந்து வர வேண்டும்.